ஈரோட்டு மஞ்சளைக் காப்ஸ்யூலாக்கி சிங்கப்பூரில் விற்கலாமா?

செங்காங்கில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஈரோட்டுப் பக்கம் அவருடைய அண்ணன் மஞ்சள் பயிரிடுகிறார். விலை விழுகிற வருடங்களில் கட்டுப்படியாகவில்லை. அந்த மஞ்சளையே பொடியாக்கி, கொஞ்சம் மிளகு சேர்த்து, காப்ஸ்யூலில் அடைத்து இங்கே விற்றால் என்ன? மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்று போடலாமா? அண்ணன் காப்புரிமை வாங்கிவிடலாம் என்கிறாரே, நடக்குமா?

இந்தத் துறையில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவன் நான். முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். காப்ஸ்யூலை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எந்த வயலில் விளைந்தது, என்ன ரகம், எப்போது அறுத்தது, எப்படி வேகவைத்துக் காயவைத்தது என்று எல்லாம் தெரிந்த மஞ்சள் உங்கள் கையில் இருக்கிறது. சிங்கப்பூரில் அதற்கு மதிப்பு உண்டு. காப்ஸ்யூல் என்று இறங்கினால் அந்த மதிப்பு முழுக்கக் காணாமல் போய்விடும்.

ஏன் என்று புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சளில் வேலை செய்வதாகச் சொல்லப்படும் சேர்மங்கள் குர்குமினாய்டுகள். குர்குமின் அவற்றில் முதன்மையானது. காய்ந்த மஞ்சளில் இவை பொதுவாக 2 முதல் 5 சதவீதம் இருக்கும். உங்கள் அண்ணனின் மஞ்சளில் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 500 மி.கி. மஞ்சள் பொடி அடைத்த ஒரு காப்ஸ்யூலில் குர்குமினாய்டுகள் வெறும் 15 மி.கி. தான். தாய்லாந்தில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 240 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 2012இல் வெளியான அந்த ஆய்வில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,500 மி.கி. குர்குமினாய்டுகள் கொடுத்தார்கள். அந்த அளவை உங்கள் காப்ஸ்யூலால் எட்ட வேண்டுமென்றால் தினமும் 100 காப்ஸ்யூல் விழுங்க வேண்டும், அதாவது 50 கிராம் மஞ்சள் பொடி. யாரும் அப்படிச் சாப்பிட மாட்டார்கள், சாப்பிடவும் கூடாது.

ஆய்வுகளில் பயன்படுவது பொடியே இல்லை, பிரித்தெடுத்த சாரம். அரைத்த மஞ்சளை அசிட்டோன், எத்தில் அசிட்டேட், எத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, ஒலியோரெசின் என்ற கெட்டியான பிசின் சாரத்தை எடுத்து, அதிலிருந்து குர்குமினாய்டுகளைப் படிகமாகப் பிரிக்கிறார்கள். சந்தையில் '95 சதவீதம்' என்று விற்பது இதுதான். உங்கள் 100 கிலோ மஞ்சளிலிருந்து ஒரு துளி வீணாகாமல் எடுத்தாலும் குர்குமினாய்டுகள் 3 கிலோவைத் தாண்டாது. இந்த வேலைக்குப் பெரிய ஆலை வேண்டும், கரைப்பான் மிச்சம் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு தொகுப்பிலும் பார்க்க வேண்டும். இந்தியாவில் இதற்கென்றே பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. நீங்கள் செய்யக்கூடியது அவர்களிடம் சாரத்தை வாங்கி, ஒப்பந்தத் தயாரிப்பாளரிடம் காப்ஸ்யூலாக்கி, உங்கள் பெயரில் விற்பது. தவறில்லை, பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் புட்டியில் உங்கள் அண்ணனின் மஞ்சள் இருக்காது.

சரி, மிளகு விஷயத்துக்கு வருவோம். மஞ்சளோடு மிளகு சேர்த்தால் சத்து 20 மடங்கு உடம்பில் ஏறும் என்று எல்லா விளம்பரத்திலும் பார்த்திருப்பீர்கள். இது வந்த இடம், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. ஆரோக்கியமான சிலருக்கு 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தார்கள். பைப்பரின் என்பது மிளகின் காரத்துக்குக் காரணமான பொருள். இரத்தத்தில் குர்குமின் 2,000 சதவீதம் கூடியது. எண்ணிக்கை சரிதான். ஆனால் பைப்பரின் இல்லாமல் கொடுத்தபோது இரத்தத்தில் குர்குமின் கண்டுபிடிக்கவே கடினமான அளவில்தான் இருந்தது. அந்த மிகச் சிறிய அளவின் 20 மடங்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குர்குமினின் பெரிய தொல்லையே இதுதான். தண்ணீரில் கரையாது. குடலைத் தாண்டினாலும் குடல் சுவரும் கல்லீரலும் அதை உடனே வேறு பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை சற்று கூடினாலே தானாகச் சிதையும், வெளிச்சமும் ஆகாது. இதனால்தான் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளோடு இணைப்பது, நுண்துகளாக்குவது, எண்ணெயில் கலப்பது என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழியைப் பிடித்திருக்கிறது. இந்த வியாபாரத்தில் பணமும் காப்புரிமையும் பெருமளவு இந்த இடத்தில்தான் புழங்குகின்றன. மூலப்பொருளை எல்லோரும் வாங்கலாம். அதை இரத்தத்தில் சேர்ப்பித்து, சேர்ந்ததை அளந்து காட்டுகிறவர்தான் விலை சொல்ல முடியும்.

பைப்பரினுக்கு இன்னொரு முகமும் உண்டு. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளையும் அது தடுக்கும். வலிப்புக்கான பினைட்டோயின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனோலால், ஆஸ்துமாவுக்கான தியோபிலின் போன்ற மருந்துகளின் அளவு இரத்தத்தில் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். மூட்டுவலிக்கு வாங்கப்போவது பெரும்பாலும் 60 வயதைத் தாண்டிய அம்மாக்களும் அப்பாக்களும். பலதுறை மருந்தகத்திலிருந்து இரத்த அழுத்தத்துக்கு, கொழுப்புக்கு, சிலர் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்கள். நம் ரசத்தில் போடும் மிளகைப் பற்றி நான் கவலைப்படவில்லை. தினமும் இரண்டு வேளை, மாதக்கணக்கில், செறிவூட்டிய அளவில் போகும் பைப்பரின்தான் கவலை.

கல்லீரல் பற்றியும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் நம் சமையலில் நூற்றாண்டுகளாக இருப்பதால் காப்ஸ்யூலும் அதே அளவு பாதுகாப்பு என்று நம்மவர்கள் எளிதாக நினைத்துவிடுகிறார்கள். இத்தாலியில் மஞ்சள் சாரம் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததால், கல்லீரல், பித்தப்பைக் கோளாறு உள்ளவர்களுக்கான எச்சரிக்கையை 2019இல் புட்டியில் போட வைத்தார்கள். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023இல் எச்சரிக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் மஞ்சளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட கட்டுரையில், 7 பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது தெரியவந்தது. அதாவது பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகிறது. யாருக்கு என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. உணவில் நிறமியாகச் சேர்க்கும் குர்குமினுக்கு, ஆயுள் முழுக்கத் தினமும் உண்ணத் தக்க அளவாக உலகளவில் ஏற்றுக்கொண்டது உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. 60 கிலோ எடை உள்ளவருக்கு 180 மி.கி. மேலே சொன்ன ஆய்வுகளின் அளவு இதைப்போல எட்டு மடங்குக்கு மேல். சமையல் மஞ்சளின் நல்ல பெயரை இந்த அளவுக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது, அளவோடு. முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை வைத்துத் தாய்லாந்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 1,500 மி.கி. மஞ்சள் சாரமும் 1,200 மி.கி. இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தும் நான்கு வாரத்தில் வலியை ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. முன்பு சொன்ன சர்க்கரை ஆய்வில் ஒன்பது மாதத்துக்குப் பிறகு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. குர்குமின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. இவ்வளவு அழகான முடிவைப் பார்க்கும்போது என் முதல் எண்ணம், இதை வேறு நாட்டில் வேறு குழு செய்து காட்ட வேண்டும் என்பதுதான். மருந்து வேதியியலாளர்கள் சிலர் 2017இல் எழுதிய ஒரு விரிவான விமர்சனக் கட்டுரையும் உண்டு. சோதனைக் குழாயில் குர்குமின் பல பரிசோதனைகளில் பொய்யான நல்ல முடிவு காட்டும் வகைப் பொருள் என்று அவர்கள் வாதிட்டார்கள். முழங்கால் வலி ஓரளவு நம்பத் தகுந்தது, மற்றவை இன்னும் திறந்த கேள்விகள் என்பது என் கணிப்பு.

ஆனால் நீங்கள் கேட்டது லேபிளில் போடலாமா என்பது. போட முடியாது. காப்ஸ்யூல், மாத்திரை வடிவில் விற்கும் உணவுத்துணைப் பொருள்கள் இங்கே சுகாதார அறிவியல் ஆணையத்தின் கீழ் வருகின்றன. விற்பதற்கு முன் உரிமமோ அனுமதியோ தேவையில்லை. நீங்களாக முன்வந்து விவரம் தெரிவித்துப் பட்டியலில் சேரும் வசதி மட்டும் உண்டு. இதைக் கேட்டுப் பலரும் "அப்போ சுலபம்தானே" என்று நினைக்கிறார்கள். பொறுப்பு முழுக்க விற்பவர் தலையில் என்பதுதான் இதன் பொருள். எந்த நோயையும் குணப்படுத்தும், தடுக்கும் என்று சொல்லக் கூடாது. சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புற்றுநோய், சிறுநீரக நோய் உட்பட 19 நோய்களும் நிலைமைகளும் விளம்பரத்தில் குறிப்பிடவே கூடாதவை. ஆகவே சர்க்கரை பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். மூட்டு ஆரோக்கியத்துக்குத் துணை என்ற அளவில் சொல்ல இடமுண்டு, அதற்கும் கையில் சான்று இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் உறவினர் குழுவில் போடும் விளம்பரமும் விளம்பரம்தான்.

ஒப்பந்தத் தயாரிப்பு என்று போனால் இன்னும் இரண்டு ஆபத்துகள். ஒன்று, பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செயற்கையாகச் செய்த குர்குமினை மஞ்சளிலிருந்து எடுத்தது என்று விற்பது. இயற்கையானதில் குர்குமினோடு அதன் இரண்டு உறவுச் சேர்மங்களும் ஒரு விகிதத்தில் இருக்கும். செயற்கையில் பெரும்பாலும் குர்குமின் மட்டுமே தெரியும். எச்பிஎல்சி என்ற பரிசோதனையில் இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரியும், சந்தேகம் தீராவிட்டால் அது செடியிலிருந்து வந்ததா பெட்ரோலியத்திலிருந்து வந்ததா என்று கார்பன்-14 சோதனை சொல்லிவிடும். வெறும் நிறத்தின் அடர்த்தியை அளந்து தரும் மலிவான சான்றிதழை ஏற்காதீர்கள். இரண்டாவது, 'முழுக்க மூலிகை' என்ற பெயரில் மருந்தையே கலப்பது. மூட்டுவலி மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, எடைக் குறைப்புப் பொருள்களில் சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து என்று ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிக்கை விடுத்து வருகிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று வாடிக்கையாளர் சொன்னால் நீங்கள் பயப்பட வேண்டும்.

வீவக அடுக்குமாடி வீட்டிலேயே சின்ன இயந்திரம் வைத்து காப்ஸ்யூல் நிரப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும் ஊரில் பொடி கட்டிதட்டும், ஒவ்வொரு காப்ஸ்யூலிலும் அளவு மாறும், நுண்ணுயிர் ஏறும்.

ஒரு தாவரப் பொருளை முறையாக வளர்த்தெடுப்பது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நமக்கு நன்றாகவே தெரிந்த பூ. தேக்காவில் கேம்பல் லேன் மாலைக் கடைகளில் தொங்கும் செண்டுமல்லி. அதன் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் லூட்டின் என்ற நிறமி. சத்தியமங்கலம் பக்கம் மாலைக்காக மட்டுமில்லாமல், லூட்டின் எடுக்கும் நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் இந்தப் பூவைப் பயிரிடுகிறார்கள். பூவை உலர்த்தி, சாரம் எடுத்து, சுத்திகரித்து, எண்ணெயில் கலந்து மெதுகாப்ஸ்யூல் ஆக்குகிறார்கள். அமெரிக்காவில் கெமின் என்ற நிறுவனம் 1996இல் சுத்திகரித்த லூட்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதையும் நோயில் அதைச் சோதித்த பெரிய ஆய்வு, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் 2, 2013இல்தான் முடிவு சொன்னது. 4,000 பேருக்கு மேல், நாளுக்கு 10 மி.கி. லூட்டின், 2 மி.கி. அதன் உறவுச் சேர்மமான ஜியாக்சாந்தின். முதன்மை ஒப்பீட்டில் கூடுதல் பயன் தெரியவில்லை. ஆனால் இந்த நோய்க்கு முன்பு கொடுத்துவந்த சத்து மாத்திரைக் கலவையில் இருந்த பீட்டா கரோட்டின் புகைபிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும், அதற்குப் பதில் லூட்டினைப் போடலாம் என்பது தெளிவாயிற்று. ஒரு பூ, ஒரு சேர்மம், ஒரு அளவு, ஒரு கேள்வி, 17 வருடம். பதில் எதிர்பார்த்ததைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது. மருத்துவர்கள் அதை நம்பிப் பரிந்துரைக்கிறார்கள். மஞ்சளுக்கும் இந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் உண்மையான ஆசை. அவசரப்பட்டு நூறு நோய்க்கு நல்லது என்று எழுதுகிற ஒவ்வொரு லேபிளும் அதைத் தள்ளிப்போடுகிறது.

காப்புரிமை பற்றிச் சுருக்கமாக. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995இல் அமெரிக்கா காப்புரிமை கொடுத்தது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் 1953இல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டி எதிர்த்தது. 1997இல் அது ரத்தானது. அதற்குப் பிறகுதான் 2001இல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கியது, நம் சித்த மருத்துவக் குறிப்புகளும் அதில் இருக்கின்றன. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது என்ற அதே நியாயம் அண்ணனின் மஞ்சள்-மிளகுக் கலவைக்கும் பொருந்தும். ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு அவருக்கு உடனே பயன்படக்கூடியது. அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன். மஞ்சளை மஞ்சளாகவே விற்கலாம். பொடி உணவுப் பொருள், அது சிங்கப்பூர் உணவு அமைப்பின் கீழ் வரும். இறக்குமதியாளராகப் பதிவு செய்து, ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி எடுத்து, ஆங்கிலத்தில் லேபிள் போட்டால் வழி திறந்திருக்கிறது. முஸ்தபா கடையில் கிலோ கணக்கில் மஞ்சள் பொடி இருக்கும்போது உங்களுடையதை ஏன் வாங்க வேண்டும்? குர்குமினாய்டு அளவையும் ஈய அளவையும் தொகுப்பு வாரியாகப் பரிசோதித்து, முடிவை வாங்குபவர் பார்க்கும்படி வைத்தால் வாங்குவார்கள். பச்சைக் குழந்தைக்குக் கஞ்சி வைக்கும் தாய்மார்கள் நிச்சயம் வாங்குவார்கள். பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளிச்சென்று நிறம் வர ஈயம் உள்ள நிறமியான ஈய குரோமேட் பூசிய விவகாரம் வெளிவந்தபோது, 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் அது இருந்தது. அரசு கடுமையாக இறங்கியதும் 2021இல் பூஜ்யமானது. பரிசோதனை எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது.

கிருமி நீக்கும் முறையையும் கவனியுங்கள். 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெறும்படி உணவு அமைப்பு உத்தரவிட்டது, கிருமி நீக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு வாயு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்ததால். அரவை ஆலையில் நீராவி முறையில் கிருமி நீக்கம் செய்யச் சொல்லுங்கள், செலவு கூடினாலும்.

பொடி ஓடத் தொடங்கிய பிறகு அடுத்த பொருளுக்குப் போகலாம். எண்ணெயும் மிளகும் சேர்ந்த ரசப்பொடி, பால் கலவை என்று. சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உணவுப் புத்தாக்க வள நிலையம் இருக்கிறது, சிறு தொழில்களுக்குச் செய்முறை வகுக்க உதவுவார்கள். செனோகோவில் உள்ள ஃபுட்பிளான்ட் என்ற பொது உற்பத்திக்கூடத்தில் இயந்திரம் வாங்காமலே சிறு அளவில் உற்பத்தி செய்து பார்க்கலாம். புட்டியில் அடைத்த மஞ்சள் பானம் என்றால், பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரமிடும் நியூட்ரி-கிரேடு நினைவிருக்கட்டும். 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி, விளம்பரமே செய்ய முடியாது. வெல்லமும் பனங்கற்கண்டும் அதில் சர்க்கரைதான்.

அறுவடை ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை போகும். இந்த முறை கிழங்கைத் தேய்த்து மெருகேற்றுவதற்கு முன் வயலுக்கு ஒரு மாதிரி, மெருகேற்றிய பிறகு ஒரு மாதிரி என்று தனித்தனிப் பையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நான்கு சோதனைகள் கேளுங்கள்: எச்பிஎல்சி முறையில் மூன்று குர்குமினாய்டுகளும், ஈயம், பூச்சிக்கொல்லி எச்சம், நுண்ணுயிர். இங்கே வந்த பிறகு ஒரு மாதிரியை சிங்லாஸ் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் கொடுத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குர்குமினாய்டு 3 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மனம் தளர வேண்டாம். கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பிரதிபா ரகத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வரும், அடுத்த நடவுக்கு விதைக்கிழங்கு வாங்கி ஒரு பாத்தியில் போட்டுப் பார்க்கலாம். ஈயம் கூடுதலாக வந்தால் முதலில் மெருகேற்றும் இடத்தைச் சந்தேகப்படுங்கள், மண்ணை அப்புறம் பார்க்கலாம். அறிக்கை கைக்கு வந்ததும் எழுதுங்கள், எந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று வரிவரியாகச் சொல்கிறேன்.